முப்பத்தாறு இஞ்ச்

2011 மார்ச் 3, வியாழன்

காற்று வடகிழக்கு, லேசு. கடல் அமைதி. குவைத்தில் இருபத்திரண்டு வருடம் இழுவைப் படகில் செராங்காக, படகை நடத்துகிறவனாக, இருந்து லாக் புத்தகம் எழுதிய கை இது. படகு போயும் பழக்கம் போகவில்லை. வங்கியில் கொடுத்த டைரியும் சும்மா கிடக்கிறது.

இன்றைய வேலை: வண்டி கழுவியது. ஒன்றரை மணி நேரம். எங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் தெருவில் அது மூன்று வீட்டு வாசலை அடைத்து நிற்கிறது. பக்கத்து வீட்டு ராசம்மாள் கோலம் போட இடமில்லை என்று வண்டியின் மூக்குக்கு முன்னால் உள்ளங்கை அளவில் ஒரு கோலம் போட்டுவிட்டு, என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

வண்டியைப் பற்றி இன்னும் எழுதவில்லை. புதுச்சேரியில் ஓட்டல் வைத்திருந்த ஒருவரிடம் போன தீபாவளிக்கு வாங்கினேன். அமெரிக்க வண்டி. எட்டுப் பேர் உட்காரலாம், ஒன்பதாவது ஆள் படுத்துக்கொண்டு வரலாம். அதிசயமே பின்பக்கம்தான். அங்கே வில்லுக்குப் பதிலாகக் காற்றுப் பை. பின்னால் ஆள் ஏறினால் அமுங்கும். அரை நிமிடத்தில் அடியில் 'கிர்ர்' என்று ஒரு மோட்டார் ஓடும். வண்டி தானாக எழுந்து பழைய மட்டத்துக்கு வந்து நிற்கும். பொங்கலன்று தெருப் பெண்கள் பதினோரு பேரை ஏற்றிக் காட்டினேன். எழுந்தது. கைதட்டினார்கள். என் மனைவி மங்கலம் மட்டும் ஏறவில்லை. "நான் ஏறி அது எழும்பாம போச்சுன்னா தெருவே சிரிக்கும்" என்று உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 6, ஞாயிறு

சிதம்பரம் போய் வந்தோம். மகள் ப்ரீத்தி வாழ்க்கைப்பட்ட ஊர். ஐந்தாம் மாதம். முகம் பூரித்திருக்கிறது.

போகிற வழியில் வேகத்தடைகளை எண்ணினேன். இருபத்தேழு. வண்டி நீளம் ஜாஸ்தி என்பதால் ஒன்பது இடத்தில் வயிறு தரையில் உரசியது. ஒவ்வொரு தடவையும் மங்கலம் "ஐயோ" என்றாள். அவளுக்கு வண்டி மேல் அக்கறையா, தன் இடுப்பு மேல் அக்கறையா தெரியவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் பேச்சை எடுத்தேன். மே மாதம் வளைகாப்பு போட்டு, அன்றே மகளைக் கடலூருக்குக் கூட்டிப் போகிறோம் என்றேன். மாப்பிள்ளை மணிவண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். அவர் அம்மா ராமாமிர்தம் என்னைப் பார்த்தார். முப்பத்தோரு வருடம் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். அந்தப் பார்வையே ஊசி போடுகிற மாதிரி இருக்கும்.

"தலைப் பிரசவம் தாய் வீட்டுலதான். நான் இல்லங்கல சம்பந்தி. ஆனா அந்த ரோட்டுல ஏழு மாசத்துப் புள்ளய குலுக்கி எடுத்துக்கினு போறத நான் ஒத்துக்க முடியாது. இங்கியே பாத்துக்கறோம்."

"எங்கூட்டு வண்டியில ஒரு சொட்டுத் தண்ணி சிந்தாது" என்றேன்.

சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து வண்டியை எடுத்தேன். அவர்கள் தெருமுனையிலேயே ஒரு வேகத்தடை. 'கறக்' என்றது பாருங்கள், ராமாமிர்தம் அம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார்.

மார்ச் 7, திங்கள்

சரியான தூக்கம் இல்லை.

ப்ரீத்தி பிறந்தபோது நான் நடுக்கடலில். தந்தி கைக்கு வரப் பதினொரு நாள். முதல்முதலாக அவளைப் பார்த்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. என்னைப் பார்த்து அலறி, ராசம்மாள் இடுப்பில் ஏறிக்கொண்டாள். பெரிய மனுஷியானதைப் போனில் கேட்டேன். பத்தாவது பரீட்சை, காலேஜில் சேர்த்தது, எல்லாம் போன்தான். இந்தப் பிரசவத்துக்காவது நான் கூட இருக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம் எனக்கு. அவள் சிதம்பரத்திலேயே இருந்துவிட்டால் இதுவும் போனில்தான் வரும்.

ஆக, வண்டி உரசக்கூடாது. உரசாமல் இருக்க உயர்த்த வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 9, புதன்

ஓ.டி.யில், அதாவது கடலூர் பழைய டவுனில், லாரிக்கு வில் பட்டை கட்டுகிற சுப்பராயலுவின் கமான் பட்டறைக்குப் போனேன். கடலூர் லாரிகளில் பாதி அவர் கைபட்டு நிமிர்ந்தவை. பின்பக்கம் தொங்குகிறதா, ஒரு பட்டை சேர்ப்பார். இன்னும் தொங்குகிறதா, இன்னொரு பட்டை. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான், இதுவரை அது தோற்றதில்லை.

வண்டிக்கு அடியில் படுத்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அங்கிருந்தே கூப்பிட்டார்.

"மச்சான்."

"சொல்லுங்க."

"பட்டை எங்க?"

"அதுல பட்டை கெடையாது."

"முன்னால சுருள் வில்லு இருக்குது, சரி. பின்னால இன்னாத்த வச்சிருக்கான்? பலூனா?"

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். வில்லுக்கும் பலூனுக்கும் மேலே லேத்தில் கடைந்த இரும்பு வளையம் வைத்தால் மூணு இஞ்ச் தூக்கலாம் என்றார். ரெண்டு நாள் வேலையாம். அவர் ரெண்டு நாள் என்றால் நான் பத்து என்று எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 19, சனி

பத்துதான். வண்டி உயர்ந்துவிட்டது!

சக்கரத்துக்கு மேல் வளைவில் டேப் பிடித்து அளந்தேன். முன்னால் முப்பத்தாறு இருந்தது, இப்போது முப்பத்தொன்பது. பின்னால் முப்பத்தாறு இருந்தது, இப்போது முப்பத்தொன்பது. சுப்பராயலு கற்பூரம் ஏற்றினார். கப்பலை முதல்முதலில் தண்ணீரில் இறக்குகிற மாதிரி இருந்தது எனக்கு. சாவி போட்டு வீட்டுக்கு ஓட்டி வந்தேன். தெருவே தலையைத் தூக்கிப் பார்த்தது.

மார்ச் 20, ஞாயிறு

முன்னால் 39. பின்னால் 36.

மறுபடி அளந்தேன். 36.

மங்கலத்தைக் கூப்பிட்டு டேப்பைப் பிடிக்கச் சொன்னேன். அவளுக்கும் 36.

முன்பக்க அணியத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் அமிழ்ந்த படகு போல நிற்கிறது. நேற்று 39 இருந்ததை நான் கண்ணால் பார்த்தேனே!

மார்ச் 22, செவ்வாய்

காரணம் தெரிந்தது, அதாவது சத்தம் தெரிந்தது. காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். கொஞ்ச நேரத்தில் அடியில் 'புஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம். ராசம்மாள் "பாம்பு! பாம்பு!" என்று கத்தினாள். தெரு கூடிவிட்டது. ஒருத்தர் கம்பு, ஒருத்தர் மண்ணெண்ணெய். மங்கலம் மஞ்சள் தண்ணியைக் கொண்டுவந்து என் டயரில் ஊற்றினாள். நான் குனிந்து பார்த்தேன். பாம்பில்லை. காற்றுப் பைதான் தானாகக் காற்றை வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

"காத்து போவுது, அவ்வளவுதான்" என்றேன். யாரும் நம்பவில்லை. கம்பு வைத்திருந்தவர் அரை மணி நேரம் காவல் நின்றார். இனி இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று மங்கலம் சொல்லிவிட்டாள்.

மார்ச் 25, வெள்ளி

சுப்பராயலு பை ஓட்டை என்று சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தார். ஒரு குமிழி கூட வரவில்லை. ஓட்டை இல்லை. அப்புறம் ஏன் காற்று போகிறது? அவருடைய பதில்: இன்னொரு வளையம்.

வைத்தார். பின்னால் 41 ஆனது. ரெண்டு பேரும் டீ குடிக்கப் போனோம். சுப்பராயலு டம்ளரைக் கீழே வைக்கும்போது 'புஸ்ஸ்ஸ்' என்று கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"முப்பத்தாறா மச்சான்?"

"முப்பத்தாறு."

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பிடிவாதக்காரக் கேப்டன்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

மார்ச் 28, திங்கள்

காற்று தெற்கு. எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது.

பொங்கலன்று என்ன நடந்தது? பதினோரு பெண்கள் ஏறினார்கள், பின்பக்கம் எழுந்தது. ஆக, பாரம் ஏற்றினால் இது எழும். படகில் பின்பக்கம் அமிழ்ந்தால் பாரத்தை முன்னால் தள்ளுவோம். இது தலைகீழ் வண்டி, பின்னால் ஏற்ற வேண்டும். எப்போதும் பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு திரிய முடியாது. குறிஞ்சிப்பாடி மில்லில் இருந்து எட்டு மூட்டை அரிசி வாங்கிப் பின்னால் அடுக்கினேன்.

அமுங்கியது. கிர்ர் என்றது. எழுந்தது! ஓடிப்போய் டேப் பிடித்தேன்.

36.

பரவாயில்லை. ஓட ஓடப் பழகும். மூட்டையோடு நாலு நாள் ஓட்டிப் பார்க்கிறேன்.

மங்கலம் சொன்னது: "வருசம் பூரா சாப்புடற அரிசி, ஊரச் சுத்திப் பாத்துட்டு வரட்டும்."

ஏப்ரல் 4, திங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

செம்மண்டலத்தில் தேர்தல் பறக்கும் படை நிறுத்தியது. ஓட்டுப் பதிவுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. புதுச்சேரி நம்பர் போட்ட பெரிய வண்டி, உள்ளே எட்டு மூட்டை அரிசி. நான் அதிகாரியாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன்.

"யாருக்கு சார் அரிசி?"

"யாருக்கும் இல்லீங்க. வண்டிக்கு."

அவர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். "வண்டி அரிசி சாப்புடுமா?"

"பின்னால ஒக்காந்துக்குது சார். எழும்பறதுக்காகப் பாரம் வச்சிருக்கேன்."

"பாரம் வச்சா எழும்புமா?"

"எழும்பும் சார். ஆனா முப்பத்தாறுக்கு மேல எழும்பாது."

சொல்லிக் கேட்கும்போது எனக்கே நான் குடித்திருக்கிறேனோ என்று சந்தேகம் வந்தது. எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். இறக்கினேன். எட்டாவது மூட்டை இறங்கியதும் வண்டியின் பின்பக்கம் ஜம்மென்று மேலே கிளம்பியது. அதிகாரி ரெண்டடி பின்னால் போனார். 'புஸ்ஸ்ஸ்' என்று மூச்சு விட்டு மெல்லக் கீழே உட்கார்ந்தது. கூட இருந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

மில் ரசீது சட்டைப் பையில் இருந்ததால் விட்டார்கள். மூட்டைகளைத் திருப்பி ஏற்ற யாரும் உதவிக்கு வரவில்லை. கிளம்பும்போது அதிகாரி கிட்டே வந்து, "நல்ல மெக்கானிக்கா பாருங்க சார்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் வலிக்கிறது.

ஏப்ரல் 5, செவ்வாய்

இடுப்பு பிடித்துக்கொண்டது. அரிசி வீட்டுக்குள் போய்விட்டது.

ஏப்ரல் 10, ஞாயிறு

ராமாமிர்தம் அம்மாள் போன். வளைகாப்பு மே எட்டு என்று முடிவாகிவிட்டது. "வண்டி எப்படி இருக்குது சம்பந்தி?" என்று கேட்டார். யாரோ செம்மண்டலத்துக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள்! மணிவண்ணனாகத்தான் இருக்கும். நன்றாக இருக்கிறது என்றேன். "அப்பிடியா" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும், நாள் முழுக்கக் குத்துவதற்கு.

பிறகு ப்ரீத்தி வாங்கிப் பேசினாள். "அப்பா, குழந்தை உதைக்குதுப்பா" என்றாள். போனைக் காதில் இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டேன், கேட்கிற விஷயம் மாதிரி.

ஏப்ரல் 13, புதன்

ஓட்டுப் போட்டேன். வண்டி 36.

ஏப்ரல் 17, ஞாயிறு

எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்: கண்ணாயிரம், நீ ஒரு முட்டாள். ஆனால் இன்றைக்கு மட்டும் கொஞ்சம் குறைந்த முட்டாள்.

மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது என்று மங்கலம் கத்தினாள். ஏறிப் பார்த்தேன். மிதவைப் பந்து மாட்டியிருக்கும் கம்பி மேல்பக்கமாக வளைந்திருந்தது. தண்ணீர் ஏற ஏறப் பந்து ஏறும், ஓர் உயரம் வந்ததும் கம்பி குழாயை மூடும். கம்பி வளைந்து போனதால், தொட்டி நிரம்பிய பிறகும் பந்துக்கு அது போதவில்லை. கம்பியைக் கீழே வளைத்தேன். தண்ணீர் நின்றது.

அப்படியே தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். தொட்டிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று தொட்டிக்குத் தெரியாது. கம்பி சொல்வதுதான் கணக்கு. அப்படியானால் வண்டிக்கு முப்பத்தாறு என்று யார் சொல்கிறார்கள்? அங்கேயும் எங்கேயோ ஒரு கம்பி இருக்க வேண்டும்!

மாடியில் இருந்தே சுப்பராயலுவுக்குப் போன் போட்டேன். "மச்சான், வண்டியில மிதவை இருக்குது!" என்றேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "மச்சான், வூட்ல வேற யாராச்சும் இருக்காங்களா?"

ஏப்ரல் 18, திங்கள்

இருக்கிறது!

ரெண்டு பேரும் அடியில் படுத்துத் தேடினோம். பின் அச்சில் இருந்து சட்டத்துக்கு, பென்சில் அளவில் ஒரு கம்பி. மேல்முனையில் தீப்பெட்டி போல ஒரு கறுப்புப் பெட்டி, அதில் காது மாதிரி ஒரு நெம்புகோல். சேறு அப்பிக் கிடந்தது. "இத நான் ஹேண்ட் பிரேக் சம்பந்தப்பட்டதுன்னு வுட்டுட்டேன்" என்றார் சுப்பராயலு. வண்டி அமுங்கினால் அந்தக் கம்பி பெட்டியின் காதை மேலே தள்ளும், மோட்டார் காற்றடிக்கும். வண்டி உயர்ந்தால் காதைக் கீழே இழுக்கும், காற்று வெளியே போகும். நாங்கள் வளையம் வைத்துத் தூக்கத் தூக்க, அது பாவம், யாரோ பாரத்தை இறக்கிவிட்டார்கள் என்று நினைத்துத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு மாதமாக அதைத் திட்டியிருக்கிறோம்.

கம்பியை நடுவில் வெட்டி, மூணு இஞ்ச் துண்டு வைத்துப் பற்றவைத்தார். ரெண்டாவது வளையத்தைக் கழற்றிவிட்டார். சாவி போட்டேன். கிர்ர்... கிர்ர்...

39.

பத்து நிமிடம் காத்திருந்தோம். 39. டீ குடித்தோம். 39. சுப்பராயலு ஏறி உட்கார்ந்தார், இறங்கினார். 39! ரெண்டு கிழவர்கள் பட்டறையில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு லாரி டிரைவர் பார்த்துவிட்டுப் போனார். பார்க்கட்டுமே.

ஏப்ரல் 30, சனி

சிதம்பரம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். மொத்தம் இருபத்தேழு வேகத்தடை. வயிறு ஒன்றில்கூட உரசவில்லை. ஆனால் பக்கவாட்டில் கால் வைத்து ஏறுகிற படி ரெண்டு இடத்தில் லேசாகத் தட்டியது. திரும்பி வந்ததும் ரெண்டு பக்கப் படியையும் கழற்றச் சொல்லிவிட்டேன். சுப்பராயலு "படி வாணாமா மச்சான்?" என்று கேட்டார். "நமக்கெதுக்குப் படி?" என்றேன். நான் ஆறடி. அவர் ஐந்தே முக்கால். ரெண்டு பேரும் கைப்பிடியைப் பிடித்து ஒரே தாவில் ஏறினோம்.

ஒரு டம்ளர் தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு வீடு வரை வந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. ராமாமிர்தம் அம்மா, இப்போ சொல்லுங்க.

மே 6, வெள்ளி

மங்கலம் ரயிலில் சிதம்பரம் போய்விட்டாள். ஏழு வகைச் சாதம் கிளற ஆள் வேண்டுமாம். வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்றேன். பாம்புக்கதையை மறுபடி எடுத்தாள். சரி போ. ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது மூன்று பேரும் ஒன்றாக வருவோம். பின்சீட்டுக்குப் புது மெத்தை விரிப்பு வாங்கிப் போட்டேன்.

மே 8, ஞாயிறு

எங்கிருந்து ஆரம்பிப்பது?

வளைகாப்பு நன்றாக நடந்தது. பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல், ரெண்டு கையிலும் முழங்கை வரை. பட்டுப்புடவை. மகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நாலுக்கே வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, ஒரு ராஜாவைப் போல நின்றேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

ப்ரீத்தி வந்தாள். வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்பா, கால எங்க வெக்கறது?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். உட்காருகிற தளம் அவள் இடுப்புக்கு வந்தது. படி இல்லை. படி பட்டறையில் இருக்கிறது.

"கைப்பிடியப் புடிச்சி ஏறும்மா" என்றேன். "ஐயையோ, வளையல் ஒடையும்!" என்று நாலு பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள். போட்ட அன்றே வளையல் உடையலாமா? ஸ்டூல் வந்தது, எட்டவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ராமாமிர்தம் அம்மாள் அதை ஒரு காலால் நகர்த்தினார். "ஏழு மாசத்துப் புள்ளய நாக்காலி மேல ஏத்துவீங்களா? நான் நர்ஸு, என் கண் முன்னால?" நானும் மணிவண்ணனும் தூக்கி உட்கார வைக்கலாமா என்று கேட்டேன். ப்ரீத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் என்னா அரிசி மூட்டையாப்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டேன்.

ராமாமிர்தம் அம்மாள் சிரிக்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "குலுங்காது சம்பந்தி, நான் ஒத்துக்கறேன். ஏறுனாத்தான குலுங்காம போவ முடியும்?"

அவ்வளவுதான், முடிந்தது, மகள் இங்கேதான் என்று நினைத்தேன். அப்போது மங்கலம் வாயைத் திறந்தாள். "நாலே முக்காலுக்கு ரயில் இருக்குது அண்ணி. மேடையில இருந்து ஒரே எட்டு. நான் அப்பிடித்தான் வந்தேன். ஆடாது, அசையாது." ராமாமிர்தம் அம்மாள் யோசித்தார். கடைசியில், "ரயில்னா சரி. கூட்டிக்கினு போங்க" என்றார். நாலு இருபத்தைந்துக்கு ஆட்டோவில் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

மகள் வீட்டுக்கு வருகிறாள். ஆனால் என்னோடு இல்லை.

வண்டியில் நானும் சீர்த்தட்டுகளும் மிச்சமான சாதமும் ஒரு தூக்கு பாயசமும் வந்தோம். என்ன ஓட்டம்! வழவழவென்று. பாயசத்தில் ஆடை கலையவில்லை. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. உயரமாக உட்கார்ந்திருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. ரயில் வந்தது. மூன்றாவது பெட்டி ஜன்னலில் வளையல் கை ஒன்று வெளியே நீண்டு ஆட்டிக்கொண்டே போனது. நானும் கையை ஆட்டினேன். பின்னால் இருந்த பஸ்காரன் ஹாரன் அடிக்கிற வரை ஆட்டிக்கொண்டிருந்தேன். கேட் திறந்ததே தெரியவில்லை. கண்ணில் என்னமோ விழுந்துவிட்டது. ஏன், டைரியிடம் என்ன பொய்? அழுதேன்.

மே 9, திங்கள்

படியைத் திருப்பிப் போட்டாயிற்று. படி மேல் கால் வைக்கவே இன்னொரு படி வேண்டும்.

ஜூன் 2, வியாழன்

காற்று தென்மேற்கு, பலம்.

ப்ரீத்தியை மாதப் பரிசோதனைக்கு மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அதாவது, அவளும் மங்கலமும் எங்கள் தெரு பழனிவேலின் ஆட்டோவில் போனார்கள். நான் வண்டியில் பின்னாலேயே போனேன். ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வண்டி காவலாக வருவதைப் பார்த்து, பாரதி ரோட்டில் ஒரு டிராபிக் போலீஸ் ஆட்டோவுக்கு சல்யூட் அடித்தார். பழனிவேல் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லித் திரிகிறான்.

"வண்டிய எறக்கிடுங்கப்பா" என்றாள் ப்ரீத்தி. எறக்கறேன் என்றேன். ஒன்றரை மாதப் பாடு. அவ்வளவு சுலபமாக மனசு வருமா?

ஜூலை 9, சனி

மனசு வந்தது. பிரசவம் இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போக வேண்டும், ஆட்டோவுக்குப் பின்னால் ஊர்வலம் போக முடியாது. வண்டியை சுப்பராயலுவிடம் விட்டேன். வளையம் எல்லாம் எடுத்துப் பழைய மட்டத்துக்கு. அஞ்சு நாள் என்றார்.

"கம்பி?" என்றேன்.

"கம்பிய முதல்ல. அத இனிமே மறப்பனா?"

நாலு சக்கரமும் கழன்று, வண்டி கட்டை மேல் நிற்கிறது. பார்க்கக் கஷ்டமாக இருந்தது, வந்துவிட்டேன்.

ஜூலை 12, செவ்வாய்

காலை எட்டேகால். காற்று தென்—

வலி என்கிறாள். பதிமூணு நாள் முன்னாலயேவா! வண்டி கட்டை மேல நிக்குது. பழனிவேலு, ஏ பழனிவேலு

ஜூலை 13, புதன்

பெண் குழந்தை. நேற்றுப் பகல் பன்னிரண்டே காலுக்கு. ரெண்டு கிலோ எண்ணூறு. தாயும் சேயும் நலம். மூன்றாவது முறையாக எழுதிப் பார்க்கிறேன்: தாயும் சேயும் நலம்.

நேற்று ஆட்டோவில் ஒரு பக்கம் மங்கலம், நடுவில் ப்ரீத்தி, இந்தப் பக்கம் நான். என் உடம்பில் பாதி வெளியே தொங்கியது. வலி வரும்போதெல்லாம் ப்ரீத்தி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "அப்பா, பயமா இருக்குப்பா" என்றாள். "நான் இருக்கேன்ல" என்றேன். குவைத்தில் இருந்த இருபத்திரண்டு வருடத்தில் இந்த வார்த்தையை நான் அவளிடம் போனில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நேற்றுத்தான் அது உண்மையாக இருந்தது. குழி வரும்போதெல்லாம் என் தோளில் தலையை முட்டிக்கொண்டாள். ஆட்டோ குலுங்கியது, நன்றாகவே குலுங்கியது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் வண்டி இருந்திருந்தால் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன். அவள் பின்சீட்டில், எனக்கு முதுகுப் பக்கம். ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ராமாமிர்தம் அம்மாள் காலை ரயிலில் வந்தார். பேத்தியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். பையில் இருந்து பஞ்சும் மருந்தும் எடுத்து நகக்கீறலைத் துடைத்துவிட்டார். "எரியுதா சம்பந்தி?" என்றார். எரிந்தது. இல்லை என்றேன்.

சாயங்காலம் சுப்பராயலு போன். வேலை முடிந்துவிட்டதாம். முன்னால் முப்பத்தாறு, பின்னால் முப்பத்தாறு. குழந்தையை வீட்டுக்குக் கூட்டிப் போக வண்டியை எப்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரட்டும் என்று கேட்டார். அவசரமில்லை, அங்கேயே இருக்கட்டும் என்றேன். பழனிவேலிடம் ஆட்டோ கொண்டுவரச் சொல்லிவிட்டேன். ஓரத்துச் சீட்டு எனக்கு என்று மங்கலத்திடமும் சொல்லிவிட்டேன்.